பழைய வில்லிஸ் பிக்கப்புக்கு எந்த டீசல் இன்ஜின்: மகிந்திராவா, டெம்போவா, குவாலிஸா?

பழைய பிக்கப்புக்கு டீசல் இன்ஜின் மாற்றுவது பற்றிப் பேச்சு எடுத்தாலே குதிரைத்திறன், டர்போ என்றுதான் போகும். நெடுந்தூரம் ஓட்டப்போகும் வண்டி என்றால் நான் முதலில் கேட்பது வேறு. மேல் கியரில், 80 கிலோமீட்டர் வேகத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்? மாதவரத்தில் ஏறி கும்மிடிப்பூண்டி, தடா, நாயுடுபேட்டை, நெல்லூர் என்று ஜிஎன்டி ரோட்டில் (சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலை) போகிறவருக்கு மணிக்கணக்கில் மாறாத ஒரே வேகம்தான் பயணம். அந்த வேகத்தில் நிம்மதியாக ஓடாத இன்ஜின், காகிதத்தில் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

118 அங்குல வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) உள்ள நாலு சிலிண்டர் வில்லிஸ் ஜீப் பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். அதில் இருப்பது ஹரிக்கேன் எஃப்-134 பெட்ரோல் இன்ஜின்: 134 கன அங்குலம், நம் கணக்கில் 2.2 லிட்டர். மூன்று கியர் பெட்டி, 12 வோல்ட்டுக்கு முந்தைய வண்டியாக இருந்தால் 6 வோல்ட் மின்சாரம், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அச்சில் இருக்கும் 5.38 கிரவுன் பினியன், அதாவது புரோப்பல்லர் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் பல்சக்கர ஜோடி. அந்தக் காலத்து மண் ரோட்டுக்கும் சுமைக்கும் செய்த விகிதம் அது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 7.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.35 மீட்டர் உருளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 567 சுற்று. அதை 5.38-ஆல் பெருக்கினால், மேல் கியர் நேர் விகிதமாக (இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே சுற்றில்) இருக்கும் பெட்டியில் இன்ஜின் 3050 சுற்று போகும். 4.88 பினியன் என்றால் 2770. 4.27 என்றால் 2420. எந்த இன்ஜினைப் பற்றிப் படிக்கும்போதும் இந்த மூன்று எண்களும் மனதில் இருக்கட்டும்.

முதல் போட்டியாளர் மகிந்திராவின் டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) இன்ஜின். கமாண்டர், மார்ஷல், கேம்பர் என்று ஊரெல்லாம் ஓடிய 2523 சிசி எம்டிஐ 3200. இதன் வம்சம் இன்டர்நேஷனல் டிராக்டரிலிருந்து வருகிறது, அதனால்தான் 88.9 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டர் விட்டம்) 101.6 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). கேம்ஷாஃப்டை ஓட்ட டைமிங் பெல்ட் கிடையாது, பல்சக்கரம்தான். எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் குளிர்காலையிலும் தொட்டவுடன் பிடிக்கும், டீசலும் குறைவாகக் குடிக்கும். கீழ்ச்சுற்றில் இதன் இழுவை எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்றாவது கியரில் ஆமை வேகத்துக்கு வந்தாலும் உதறாமல் மறுபடி எழுந்துகொள்ளும்.

இதற்குப் பெரிய பலம் இன்னொன்று. மகிந்திரா தன் ஜீப்களுக்கே இதே மாற்றத்தைச் செய்த கம்பெனி. ஹரிக்கேன் இருந்த இடத்தில் சிஜே 500டி-யில் டிராக்டர் வழி டீசலையும், எம்எம் 540-ல் பெஜோ டீசலையும் தொழிற்சாலையிலேயே உட்கார வைத்தார்கள். ஆகவே நாலு கியர் கேஎம்டி-90 பெட்டி, அதற்குப் பின்னால் பழைய டானா-18 டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கும் பெட்டி) என்று எல்லாம் ஏற்கெனவே பொருந்திய ஜோடி. லேத்துப் பட்டறையில், இன்ஜினையும் வேறு கியர்பெட்டியையும் இணைக்கும் அடாப்டர் தட்டு கடைந்து, நூல் பிடித்துச் சென்டர் பார்க்கும் வேலை வெகுவாகக் குறையும். சென்டர் ஒரு மயிரிழை தப்பினால் கிளட்சும் கியர்பெட்டி பேரிங்கும் சீக்கிரமே சத்தம் போடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பெயரில் இருக்கும் 3200-ஐக் கவனியுங்கள். உச்ச சக்தி வரும் சுற்று அது. 5.38 பினியனோடு 80-ல் போனால் நீங்கள் 3050-ல் இருப்பீர்கள். அதாவது நெல்லூர் வரை முழு மூச்சில் கத்திக்கொண்டே போவீர்கள். கேபினில் பேச்சு கேட்காது, அதிர்வில் கண்ணாடி ஸ்க்ரூகூடக் கழலும். இந்த இன்ஜினைப் போட்டுவிட்டு "டீசல் போட்டால் ஓடவே இல்லை" என்று குறைபட்டுக்கொள்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் பழைய பினியன்தான் இருக்கும். குற்றம் இன்ஜின்மேல் இல்லை. 4.27-க்கு வந்தாலோ, ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் மேல் கியர்) உள்ள ஐந்து கியர் பெட்டி கிடைத்தாலோ இதே இன்ஜின் 2400, 2600 சுற்றில் நாள் முழுக்க ஓடும்.

பினியன் மாற்றுவதில் ஒரு கண்டிப்பு உண்டு. நாலு சக்கர இழுவை வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு மண்ணில் முன் இழுவையைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது. இரண்டு செட் பினியனின் விலையை முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, டெம்போ டிராக்ஸில் வந்த ஓஎம் 616. மெர்சிடீஸ் 240டி காரின் அதே 2.4 லிட்டர் இன்ஜின். ஃபோர்ஸ் மோட்டார்ஸுக்கு பஜாஜ் டெம்போ என்ற பெயர் இருந்த காலத்திலேயே உரிமம் பெற்று இங்கே தயாரித்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. மேலே இருக்கும் கேம்ஷாஃப்டைச் சங்கிலி ஓட்டுகிறது. எரிபொருள் முதலில் முன் அறையில் பற்றி, பிறகு சிலிண்டருக்குள் பரவுவதால் சத்தம் மென்மை. கார் இன்ஜின் என்பதால் 3000 சுற்று இதற்குச் சுமையே இல்லை. 5.38 பினியனை மாற்றப் பணமோ மனமோ இல்லாதவருக்கு மகிந்திரா டிஐ-யைவிட இதுவே பொருத்தம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

குறைகளும் உண்டு. சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நாலும் நல்லபடி இருந்தால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகும். முன் அறை இன்ஜின்களுக்கே உரிய வெப்ப இழப்பால் டிஐ அளவுக்கு மைலேஜ் வராது. கீழ்ச்சுற்றில் இழுவை மந்தம். சித்தூர் தாண்டி மொகிலி கணவாயில் சுமையோடு ஏறும்போது ஒரு கியர் முன்னாலேயே இறக்கிக்கொள்ள வேண்டும். வில்லிஸின் கியர்பெட்டியோடு சேர அடாப்டர் செய்துதான் ஆக வேண்டும். அதற்கு முன் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) முன் அச்சில் இடிக்குமா என்று அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் அமுங்கும்போது முன் டிஃபரன்ஷியல் மேலே வருகிற இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நடுவில் நிற்பது பெஜோ வம்சம்: எம்எம் 540-இன் 2112 சிசி எக்ஸ்டிபி 4.90, ஆர்மடாவின் 2498 சிசி எக்ஸ்டி3பி. 4.90-க்கு 4500 சுற்றில் 62 குதிரைத்திறன். சுற்றும் தாராளம், மகிந்திரா கியர்பெட்டியும் நேராகப் பொருந்தும். காகிதத்தில் இரண்டு பக்கத்து நன்மையும் இதற்குத்தான் இருக்கிறது. 2112 சிசி-யை நான் சொல்லமாட்டேன். அந்த நீள வண்டிக்கு மூச்சு போதாது. 2.5 லிட்டர் நல்ல நிலையில், பில்லோடு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஆனால் நல்லதாகக் கிடைப்பது அரிதாகிவருகிறது.

டொயோட்டா குவாலிஸின் 2எல் இன்ஜினுக்கு ரசிகர்கள் அதிகம், காரணமும் இருக்கிறது. 2446 சிசி, 75 குதிரைத்திறன், ஓவர்டிரைவோடு ஐந்து கியர். ஓட்டுவதற்கு இந்த வரிசையிலேயே சொகுசானது. ஆனால் அந்தக் கியர்பெட்டியை அப்படியே வைத்தால் நாலு சக்கர இழுவை போய்விடும். டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும்; பழைய இன்ஜின் வாங்கும்போது முந்தையவர் எப்போது மாற்றினார் என்பதற்குச் சாட்சி இருக்காது, ஆகவே வாங்கிய அன்றே மாற்றிவிடுவது நல்லது. அதிகம் சூடேறினால் ஹெட் விரிசல் விடும் பழக்கமும் உண்டு. பழைய ரேடியேட்டரோடு இதைச் சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறும்.

மகிந்திரா ஸ்கார்பியோவின் எம்ஹாக் மாதிரி சிஆர்டிஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும்) இன்ஜின்கள் 120 குதிரைத்திறன் தரும். மின்னணு ஆக்ஸிலரேட்டர், கம்ப்யூட்டர், முழு வயரிங், இம்மொபிலைசர் சாவி எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். காவலி பக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு சென்சார் போனால் ஸ்பானரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த சேசிஸும் டிரம் பிரேக்கும் அவ்வளவு சக்தியைத் தாங்கச் செய்யப்பட்டவையும் இல்லை. என் வரிசையில் இதற்கு இடம் கிடையாது.

வடசென்னையில் இருந்துகொண்டு பெர்கின்ஸைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. செம்பியத்தில் பெர்கின்ஸ் இன்ஜின் செய்த சிம்ப்சன் ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் பட்டறைகள் என்று டீசல் வாசனையிலேயே வளர்ந்த பகுதி இது. பி4 வகை பெர்கின்ஸ் 192 கன அங்குலம், 3.1 லிட்டர். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் எடை அதிகம், சுற்று குறைவு. வில்லிஸின் முன் ஸ்பிரிங்குக்கும் 5.38 பினியனுக்கும் இரண்டுமே ஆகாது. பழைய டாட்ஜ், ஃபார்கோ மாதிரி கனமான சேசிஸ் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

பெட்ரோலிலேயே இருந்துவிடுவதும் ஒரு வழி. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஹரிக்கேனை முழுதாகப் பிரித்துச் செய்தால் இன்னும் பல வருஷம் ஓடும். சிக்கல், இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் வாஷர், பம்பு டயஃப்ரம், ரப்பர் ஓஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் பொருளுக்கு மாற்றி, ஜெட்டும் சரிபார்க்க வேண்டும். டாங்கின் அடியில் தண்ணீர் சேரும் தொல்லையும் உண்டு.

சட்டப் பக்கத்தைப் பார்க்கும்போதுதான் இந்த வழியின் மதிப்பு தெரியும். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, இன்ஜினிலோ சேசிஸிலோ பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கு 'விஏ' வரிசையில் விண்டேஜ் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு. டீசல் போட்டால் அந்தத் தகுதி போய்விடும். அதே நேரம், விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரிக் காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆக, இன்ஜின் நம்பர் முதற்கொண்டு எல்லாம் பிறந்தபடியே இருக்கும் வண்டியை வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அசல் இன்ஜின் ஏற்கெனவே போய், வேறு ஏதோ உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தேடி அதில் டீசல் போடுங்கள்.

போடும் முன் அனுமதி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி ஆர்டிஓ ஒப்புதல் இல்லாமல் இன்ஜினை மாற்றக் கூடாது. தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றும் வேலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கடுமையாகத் தீர்ப்பளித்த பிறகு அலுவலகங்களில் கேள்வி அதிகம். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலோ வேறெங்கோ இன்ஜின் வாங்கினால் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதமும் கையில் இருக்க வேண்டும். ஆர்சி-யில் இன்ஜின் நம்பரும் எரிபொருளும் மாறாமல் ஓட்டினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

எந்த டீசலைப் போட்டாலும் விடக்கூடாத விஷயம் பிரேக். பெட்ரோல் இன்ஜினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் (உறிஞ்சு விசை) இலவசமாக வரும். டீசலில் வராது. பிரேக்கை லேசாக்கும் வேக்குவம் பூஸ்டர் வைக்க வேண்டுமென்றால் வேக்குவம் பம்பு கட்டாயம். இறக்கத்திலும், காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லாத டீசல், பெட்ரோல் அளவுக்கு வண்டியைப் பிடித்து நிறுத்தாது. வேகம் கூடும் வண்டிக்கு முன் பக்கமாவது டிஸ்க் பிரேக் போடுங்கள்; இன்ஜினில் மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யுங்கள். 6 வோல்ட் வயரிங் இருந்தால் முழுதும் 12-க்கு மாற வேண்டும். பெட்ரோல் டாங்கைக் கழுவி, பம்பிலிருந்து மீதி டீசல் திரும்பும் ரிட்டன் லைனுக்கு வழி செய்ய வேண்டும். எண்ணூர், மணலிப் பக்கத்துத் தூசிக்கு ஏர் ஃபில்டரைப் பெரிதாகவே வையுங்கள்.

பணக் கணக்கை மறைக்கக் கூடாது. பெட்ரோலில் லிட்டருக்கு 7 கிலோமீட்டர், டீசலில் 11 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் 30 காசு, 8 ரூபாய் 35 காசு. மிச்சம் ஏறக்குறைய 6 ரூபாய். வேலைக்கு இரண்டரை லட்சம் ஆனால் 42,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் அந்தப் பணம் திரும்பும். வருஷத்துக்கு ஒருமுறை திருப்பதி போய்வருகிறவருக்கு இது எட்டாத கணக்கு. விஜயவாடா, விசாகப்பட்டினம், கொல்கத்தா என்று உண்மையாகவே நெடுந்தூரம் போகிறவருக்கு எட்டும்.

என் கைக்காசைப் போட்டால் மகிந்திரா 2523 சிசி, கேஎம்டி-90, இரண்டு அச்சிலும் 4.27 பினியன், முன்னால் டிஸ்க். கொல்கத்தா வரைக்கும் வழியிலுள்ள எந்தச் சின்ன ஊரிலும் கேம்பர் பார்த்த மெக்கானிக் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கை எனக்கு 120 குதிரைத்திறனைவிடப் பெரியது. பினியனைத் தொட முடியாத நிலை என்றால் ஓஎம் 616. எதுவானாலும் முதல் வேலை, சாக்பீஸை எடுத்து டயரில் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் போட்டு, வண்டியை ஒரு சுற்றுத் தள்ளி நீளத்தை அளப்பது. பிறகு ஜாக்கியில் ஏற்றி, பின் சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் புரோப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுவது. இத்தனை வருஷத்தில் யார் எந்த பினியனை மாற்றினார்களோ. அதை எண்ணிப் பார்த்த பிறகு இன்ஜின் தேடக் கிளம்புங்கள்.