காலேஜ் கேமிங் டோர்னமெண்ட்டுக்கு ஸ்பான்சர் பண்ணேன், ஒரு பிஆர் ஏஜென்சியோட மூணு மாச அனுபவம்

மொதல்லயே மார்க்க சொல்லிடறேன், அஞ்சுக்கு ரெண்டரை. அதுல ஒன்றரை மார்க்கு, அங்க வேலைக்கு சேந்து நாலே மாசம் ஆன ஒரு பொண்ணுக்கு. பிஆர்னா மக்கள் தொடர்பு, நம்ம பேர பேப்பர்லயும் ஜனங்ககிட்டயும் கொண்டுபோற வேல. ஏஜென்சி பேரு போடலைங்க, பேர போட்டா அந்த பொண்ணு வேலைக்கு நானே வேட்டு வெச்ச மாதிரி ஆயிடும், அதனால போன் போட்டெல்லாம் கேக்காதீங்க.

நான் மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது மத்தவங்க பணத்த ஃபண்டுல போட்டுக் குடுத்து கமிஷன் வாங்கறவன். சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் மாடில சின்ன ஆபீஸ், நானு, எங்க வீட்டம்மா, எண்ட்ரி போட ஒரு பையன், அவ்ளோதான். கஸ்டமர்னு பாத்தா செவ்வாப்பேட்டை வெள்ளிப்பட்டறக்காரங்க, அம்மாப்பேட்டை தறிக்காரங்க, ரிட்டயர்டு டீச்சருங்க, ஜவ்வரிசி மில்லு வெச்சிருக்கற ரெண்டு மூணு பேரு. எல்லாருக்கும் அம்பது தாண்டியாச்சு. அவங்க பசங்க பெங்களூருக்கு வேலைக்கு போறாங்க, போன்லயே ஏதோ ஒரு ஆப்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக்கறாங்க, நம்ம மாடிப்படி ஏறி யாரு வரப்போறா. இப்படியே போனா இன்னும் பத்து வருசத்துல ஷட்டர இறக்கிட்டு ஏற்காடு போயி காப்பிச்செடிக்கு தண்ணி ஊத்த வேண்டியதுதான்னு ஒரு பயம் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு, அந்த நேரம் பாத்து தெரிஞ்சவரு ஒருத்தரு இந்த ஏஜென்சிய கைகாட்டி விட்டாரு. மாசம் 30,000, மூணு மாசம், நிகழ்ச்சி செலவு தனி.

மொத மீட்டிங்ல ஒரு பிபிடி போட்டாங்க. சும்மா சொல்லக்கூடாது, பாதி நல்லாவே இருந்துச்சு. "சார் யூத் வேணும்னா கிரிக்கெட் வேணாம், கேமிங் போலாம்"னாங்க. 2014ல சிகாகோல ராபர்ட் மோரிஸ்னு ஒரு யுனிவர்சிட்டி லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ங்கற கம்ப்யூட்டர் கேம் வெளையாடற பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் குடுத்தது, 2016ல கலிபோர்னியா அர்வைன் கேம்பஸ்ல அதுக்குன்னே தனி அரங்கம் தொறந்தது, அதே வருசம் அமெரிக்க காலேஜெல்லாம் சேந்து ஒரு சங்கமே வெச்சதுன்னு வரிசையா வந்துச்சு. நம்ம நாட்டுக்கு வந்தா, 2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல இது சும்மா காட்சி ஆட்டமா இருந்தப்ப தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கினாரு, அடுத்த ஏசியன் கேம்ஸ், அதான் 2023ல ஹாங்சோல நடந்தது, அதுல மெடல் குடுக்கற ஆட்டமாவே ஆயிருச்சு, நடுவுல 2022 டிசம்பர்ல மத்திய அரசு இத விளையாட்டுத் துறைக்கு கீழ கொண்டுவந்துருச்சு. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது, ரம்மிக்கு தம்பி மொறன்னு நெனச்சிட்டு இருந்தவன் நானு. ஆன்னு பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

அப்பதான் அந்த ஸ்லைடு வந்துச்சு. "நிதி நிறுவனமும் ஈ-ஸ்போர்ட்ஸும், ஒரு வெற்றிக்கதை"ன்னு தலைப்பு (ஈ-ஸ்போர்ட்ஸ்னா போட்டி வெச்சு ஆடற இந்த கேமிங்தான்), கீழ எஃப்டிஎக்ஸ் லோகோ. கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் வெச்சிருந்தாங்களே அந்த எஃப்டிஎக்ஸ். 2021 ஜூன்ல டிஎஸ்எம்ங்கற கேமிங் டீமோட பேருக்கு முன்னாடி தன் பேர ஒட்டிக்கறதுக்கு பத்து வருசத்துக்கு 21 கோடி டாலர்னு ஒப்பந்தம் போட்டாங்க. 2022 நவம்பர்ல அந்த கம்பெனியே திவாலு, டீமும் அந்த டீல நிறுத்தி வெச்சிட்டு பேர பழையபடி மாத்திக்கிச்சு, ஓனரு இப்ப ஜெயில்ல. நான் "தம்பி இது வெற்றிக்கதைங்களா?"ன்னேன். பிபிடி போட்டுட்டு இருந்தவரு "பிராண்ட் ரீச் மட்டும் பாருங்க சார்"னாரு. அப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும், டீ சொல்லி வெச்சிருந்தாங்க, உக்காந்துட்டேன்.

எங்க தொழிலுக்கு விளம்பரம் பண்றதும் ஜவுளிக்கடைக்கு ஆடித்தள்ளுபடி போஸ்டர் அடிக்கறதும் ஒண்ணில்லைங்க. என்ன சொல்லலாங்கறத விட என்னத்த சொல்லக்கூடாதுங்கற லிஸ்ட்டுதான் நீளம். ரிட்டர்ன் இவ்ளோ வரும்னு வாக்கு குடுக்க முடியாது. நான் வெறும் டிஸ்ட்ரிபியூட்டர், என்னைய அட்வைசர்னு போட்டுக்க முடியாது, அதுக்கு செபில, அதான் பங்குச்சந்தைய கண்காணிக்கற அரசு அமைப்புல, தனியா பதிவு வேணும். ஏஆர்என்ங்கற என் பதிவு நம்பரு, ஆம்ஃபில (மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிங்களோட சங்கம்) பதிவு பெற்ற டிஸ்ட்ரிபியூட்டர்ங்கற வரி, சந்தை அபாயத்துக்கு உட்பட்டதுங்கற வரி எல்லாம் கண்ணுக்கு தெரியற மாதிரி இருக்கணும். இதெல்லாம் மொத நாளே ஒரு பேப்பர்ல எழுதி கைல குடுத்தேன், வாங்கி ஃபைல்ல வெச்சாங்க, அத யாரும் தொறந்து பாக்கலைன்னு அடுத்த வாரமே தெரிஞ்சு போச்சு.

ராத்திரி பதினொன்ற மணி, போஸ்டர் டிசைன் வாட்ஸப்ல வருது. துப்பாக்கி புடிச்ச ஒரு ஆளு, பின்னாடி ஏற்காடு மல, மேல பெருசா "ஜெயிச்சா சிக்கன் டின்னர், எங்ககிட்ட போட்டா 15 சதவீதம் கேரண்டி!" சிக்கன் டின்னர்னா நாங்க நடத்தப்போற பிஜிஎம்ஐ போன் கேம்ல மொத எடம் புடிக்கறது. கீழ என் போட்டோ, அதுக்கடியில "வெல்த் அட்வைசர்". காலைல ஆறு மணிக்கு போஸ்ட் பண்றோம் சார் குட்நைட்னு ஒரு மெசேஜு வேற. எங்க வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு "ஏங்க, இத போட்டா கப்பு அவனுக்கு, நோட்டீஸ் உங்களுக்குங்க"ன்னா. போன் போட்டா எடுக்கல, மூணு பேருக்கு மாத்தி மாத்தி போட்டு கடைசில எடுத்தது அந்த பொண்ணுதான். தூக்கக்கலக்கத்துல "சார் நிறுத்திட்டேன் சார்"னு சொல்லிட்டு வெச்சுது, காலைல ஒம்பது மணிக்கெல்லாம் ஆபீசுக்கு வந்து நான் குடுத்த அதே லிஸ்ட்ட இன்னொரு காப்பி குடுங்க சார்னு கேட்டு, வரிவரியா ஒக்காந்து படிச்சுது. ஆன்லைன் போஸ்டர் நின்னுருச்சு, ஆனா அதே டிசைன்ல ஆளுயர ஸ்டாண்டி ஒண்ணு அதுக்குள்ள பிரிண்ட்டே ஆயி வந்திருச்சு, 2,400 ரூபா பில்லோட.

அடுத்தது இன்னும் சூப்பரு. எஸ்ஐபி, அதான் மாசாமாசம் ஃபண்டுல பணம் போடறது, அத ஆரம்பிக்கற ஒவ்வொரு பையனுக்கும் கேம்ல செலவு பண்ற யூசிங்கற காச ஃப்ரீயா குடுக்கலாம்னு ஒரு ஐடியா. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கமிஷன்ல இருந்து எடுத்து குடுக்கறது, பரிசு காட்டி ஆள் இழுக்கறது இதெல்லாம் ஆம்ஃபி நடத்தை விதிப்படி கூடாது, என் லைசென்ஸே போயிடும். அப்புறம் பசங்கள பாத்து "இந்த அண்ணங்கிட்ட போட்டா டபுள்"னு ரீல்ஸ் போட ஒரு லோக்கல் யூட்யூபர புடிச்சிருந்தாங்க. பதிவில்லாம முதலீடு பத்தி அட்வைஸ் பண்றவங்களோடயும் இவ்ளோ கிடைக்கும்னு பேசறவங்களோடயும் கூட்டு வெக்கக்கூடாதுன்னு 2024லயே செபி விதி கொண்டுவந்தாச்சு. சரி இவங்களுக்கு தெரியாதது தப்பில்ல, எனக்கும் கேமிங் தெரியாதே, ஆனா எழுதி குடுத்தத படிக்கலாமில்ல?

ஏஜென்சி நல்லா செஞ்சதையும் சொல்லணும். காலேஜ்ல பர்மிஷன் வாங்கினது. ஓமலூர் ரோடு பக்கம் ஒரு காலேஜ், பிரின்சிபால் மேடம் எடுத்த எடுப்புல "இந்த கேம தடை பண்ணிட்டாங்களே"ன்னு கேட்டாங்க. அந்த பொண்ணுதான் பொறுமையா சொல்லுச்சு, 2020 செப்டம்பர்ல பப்ஜி தடை ஆச்சு மேடம், 2021 ஜூலைல பிஜிஎம்ஐன்னு வேற பேருல வந்துச்சு, 2022 ஜூலைல அதையும் ஸ்டோர்ல இருந்து எடுத்தாங்க, 2023 மே மாசம் திரும்பி வந்திருச்சுன்னு. உடனே அடுத்த கேள்வி, "அப்ப 2025ல புதுசா சட்டம் வந்துச்சே, ஜெயிலு அபராதம்னாங்களே?" அது காசு கட்டி ஆடற ஆட்டத்துக்கு மேடம், பந்தயம் கட்டாம தெறமைல ஆடற ஈ-ஸ்போர்ட்ஸ அந்த சட்டமே தனியா பிரிச்சு அனுமதிக்குது, நடத்தற செலவுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கிக்கலாம், ஜெயிச்சவங்களுக்கு பரிசும் குடுக்கலாம்னுச்சு. நான் குறுக்க பூந்து கட்டணமே வேணாம் மேடம், ஃப்ரீ, பரிசு என் செலவுன்னு சொன்னேன். இல்லாட்டி பசங்க ஆளுக்கு நூறு போட்டு அதையே ஜெயிச்சவன் எடுத்துட்டு போறதுன்னா அது சட்டத்துல எங்க போயி நிக்கும்னு நமக்கு எதுக்கு வம்பு. மேடம் கையெழுத்து போட்டாங்க.

பொங்கல் லீவு முடிஞ்ச ரெண்டாவது சனிக்கெழம, செமினார் ஹால். 16 டீம், டீமுக்கு நாலு பேரு, 64 பசங்க, அதுல ஒரு டீம் முழுக்க பொண்ணுங்க. ஒரு டீம் தட்டுவடைய பேரா வெச்சிருந்தாங்க, மைக்ல வர்ணனை பண்ண பையன் அந்த பேர சொல்றப்பல்லாம் எனக்கு பசி. மொத மேட்ச் ஆரம்பிச்சு ரெண்டு நிமிசம், ஹால் முழுக்க ஒரே கூச்சல், பிங், அதான் நெட்டுல பதில் வர்ற தாமதம், 300, செவப்பு. ஏஜென்சிக்காரங்க 64 போனையும் காலேஜோட ஒரே வைஃபைல கோத்து விட்டிருக்காங்க! பாராசூட்ல குதிச்சவன் ஆகாசத்துலயே நிக்கிறான். மேட்ச நிறுத்தி, எல்லாரும் அவங்கவங்க டேட்டாவ போடுங்கன்னு சொல்லி, ஜன்னல் ஓரமா டவர் கெடைக்கற எடத்துக்கு சேர இழுத்து போட்டு, கேமுக்குள்ள ரூம திரும்ப போட்டு ஐடி பாஸ்வேர்ட குரூப்ல விட்டு ஆரம்பிக்க ஒரு மணி நேரம் காலி. அது வரைக்கும் ஏஜென்சி மேனேஜரு என்ன பண்ணாருன்னா, சீஃப் கெஸ்ட் கூட என்ன நிக்க வெச்சு போட்டோ எடுத்துட்டு இருந்தாரு.

ஆனா ஆட்டம்னு ஆரம்பிச்சப்புறம் பாத்தேன் பாருங்க, அதுக்கு குடுத்த காசு தகும். ஒரு பையன் சட்டப்பையில இருந்து சின்ன பவுடர் டப்பா எடுத்து, கேரம் போர்டுக்கு போடுவோமே அந்த மாதிரி, ரெண்டு கட்டவெரலுக்கும் தடவறான். வேர்வைல வெரலு வழுக்கக்கூடாதாம். பக்கத்துல இருக்கறவன் வெரலுக்கு துணி உறை மாட்டிருக்கான். டீமுக்கு ஒருத்தன் ஐஜிஎல், அதான் ஆட்டத்துக்குள்ள வழி சொல்ற தலைவன், அவன் சொல்றதுதான் வேதவாக்கு, கண்ண ஸ்க்ரீன்ல இருந்து எடுக்காம "ஜோன் வருது, காம்பவுண்ட் விடு, லெப்ட்ல ஸ்மோக் போடு"ன்னு மொணமொணன்னு சொல்லிக்கிட்டே இருக்கான். மொத எடத்துக்கு 10 பாயிண்ட், ரெண்டாவதுக்கு 6, அப்படியே எறங்கிட்டே போகும், எதிராளி ஒருத்தன சாய்க்கற ஒவ்வொரு ஃபினிஷுக்கும் ஒரு பாயிண்ட். அதனால சும்மா ஒளிஞ்சிருந்து கடைசி வரைக்கும் இருந்தாலும் பத்தாது, கண்டபடி சண்டைக்கு போயி சீக்கிரம் செத்தாலும் பத்தாது. நாலு மேட்ச் முடிவுல ஜெயிச்ச டீம் ஒரே ஒரு மேட்ச்லதான் சிக்கன் டின்னர் அடிச்சிருந்தாங்க, மத்த மூணுலயும் நாலாவது அஞ்சாவதுன்னு வந்துக்கிட்டே இருந்திருக்காங்க. எங்க டீச்சரம்மா ஒருத்தங்க இருவது வருசமா மாசம் ஆயிரம் போடறாங்க, எனக்கு சட்டுனு அவங்க ஞாபகம் வந்துச்சு, சொன்னா பசங்க சிரிப்பாங்கன்னு சொல்லல.

எனக்கு மேடைல பத்து நிமிசம் பேச எடம் வாங்கி வெச்சிருந்தாங்க, பேசினேன், ஒருத்தனும் கேக்கல, எல்லாரும் போன் சார்ஜ் போட பிளக்பாய்ண்ட் தேடிட்டு இருந்தானுங்க. மதியம் வெளிய மரத்தடில ஒரு டேபிள் போட்டு நான் சும்மா உக்காந்திருந்தேன், அந்த பொண்ணு ஒரு அட்டைல ஸ்கெட்ச் பேனால "எதுவும் விக்கல, பணம் பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு எழுதி முன்னாடி சாத்தி வெச்சிட்டு போயிருச்சு. தக்காளிசாதம் பொட்டலத்த கைல வெச்சுக்கிட்டு மொதல்ல ஒருத்தன் வந்தான். "ணா, ஆப்ஷன்ஸ்ல 18,000 போச்சுணா, வீட்டுக்கு தெரியாது, ரெக்கவர் பண்ண முடியுமா?" பின்னாடியே இன்னும் ரெண்டு பேரு, அதே கத. 2024ல செபி விட்ட கணக்க சொன்னேன், மூணு வருசத்துல எஃப் அண்ட் ஓ, அதான் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ங்கற ஷேர் மார்க்கெட் வியாபாரம், ஆடின தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்கு சராசரியா ரெண்டு லட்சம் கிட்டன்னு. அந்த பையன் கொஞ்ச நேரம் சாதத்த பெசஞ்சுக்கிட்டே இருந்துட்டு, "எங்க லாபில கூட அவ்ளோ பேரு சாவறதில்லணா"ன்னான். நான் தப்புன்னேன், லாபின்னா ஒரு மேட்ச்ல ஆடற மொத்த கூட்டம், அதுல ஒரு டீம் தவிர எல்லாரும்தான் சாவறாங்க, கணக்கு போட்டா அதுவும் 94 கிட்ட வருது. அப்பதான் சிரிச்சான். சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் டேபிள விட்டு எந்திரிக்க முடியல, டெலிக்ராம் குரூப்ல டிப்ஸ் தர்றாங்களே நம்பலாமா, 250 ரூபாய்க்கு எஸ்ஐபி வந்துருச்சாமே நெசமா, அப்பா சீட்டு கட்டறாரு அது சேஃபா, இப்படியே கேள்வி.

இந்த டேபிள பத்தி ஏஜென்சியோட ரிப்போர்ட்ல ஒரு வரி கெடையாதுங்க. 22 பக்கம் பிடிஎஃப் அனுப்பினாங்க. ரெண்டு பேப்பர்ல உள்பக்கத்துல நாலு வரி செய்தி, ஒண்ணுல என் பேரு தப்பு, இன்னொண்ணுல சீஃப் கெஸ்ட் பேரு மட்டும் இருக்கு. அதே எடத்துல விளம்பரம் குடுத்திருந்தா எவ்ளோ ஆகும்னு கணக்கு போட்டு, அத மூணால பெருக்கி, "மீடியா மதிப்பு 6 லட்சம்"னு கடைசி பக்கத்துல பெருசா போட்டிருக்காங்க. இப்படி விளம்பர ரேட்ட வெச்சு பிஆர் வேலைய அளக்கறது தப்புன்னு 2010லயே பார்சிலோனாவுல அந்த தொழில்காரங்களே கூடி முடிவு பண்ணிட்டாங்க, இத நான் கண்டுபுடிக்கல, என் அக்கா பையன் எம்பிஏ படிக்கிறான், அவன் காமிச்சான். இன்னொண்ணு, ரெஜிஸ்டர் பண்ண 64 பசங்க நம்பரையும் எக்செல்ல போட்டு "லீட்ஸ்"னு அனுப்பிருந்தாங்க. வெளையாட பேரு குடுத்த புள்ளைங்கள கூப்பிட்டு எஸ்ஐபி போடுன்னு நச்சரிக்கறதா? அதுல ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு பதினெட்டே ஆகல. டெலிட் பண்ணிட்டேன், நீங்களும் பண்ணுங்கன்னு மெயில் போட்டேன்.

மொத்த செலவு, ஏஜென்சி பீஸ் 90,000, நிகழ்ச்சி, பரிசு, சாப்பாடு எல்லாம் சேத்து இன்னொரு 70,000 கிட்ட. வந்த அக்கவுண்ட்டு மூணு. அதுல ஒண்ணு அந்த 18,000 விட்ட பையன், மாசம் 500, அவனா மாடிப்படி ஏறி வந்தான், கூட அவங்கப்பாவ வேற கூட்டியாந்தான், குகைல வெள்ளிக்கொலுசு பத்த வெக்கற வேல அவருக்கு. கணக்கா பாத்தா பைத்தியக்காரத்தனந்தான். எங்க வீட்டம்மா அப்படித்தான் சொல்றா.

உங்கள்ல யாராவது இந்த தொழில்ல இருந்துக்கிட்டு இந்த மாதிரி ஏஜென்சிய வெக்கறதா இருந்தா, எது வெளிய போனாலும் உங்க கையெழுத்து இல்லாம போகக்கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே எழுதி வாங்கிக்கோங்க, நெட்வொர்க் யாரு பாக்கறாங்கன்னு பேரோட கேளுங்க, கேம் வெளையாடற பசங்க ரெண்டு பேர அந்த காலேஜ்லயே புடிச்சு கூட வெச்சுக்கோங்க, அவனுங்களுக்கு தெரிஞ்சதுல கால்வாசி ஏஜென்சிக்கு தெரியாது.

ரெனியூவல் கொட்டேஷன் வந்திருக்கு, இப்ப மாசம் 40,000 கேக்கறாங்க. அந்த பொண்ணுதான் என் வேலைய பாக்கும்னு எழுதி குடுத்தா யோசிக்கறேன்னு பதில் போட்டு ஒம்பது நாளாச்சு, சத்தத்தையே காணோம். 15 சதவீதம் கேரண்டி ஸ்டாண்டி இன்னும் ஆபீஸ் பாத்ரூம் பக்கத்துல சொவத்த பாத்து திரும்பி நிக்குது, எடைக்காரரு பிளாஸ்டிக்கு வேணாம்ங்கறாரு.