மூன்று ஆண்டுகள், ஒரே விளையாட்டு: முதல் நாளே வாங்கியவனின் அனுபவம்

அந்த வீடியோ விளையாட்டின் பெயரை எழுதவில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடும். என் மூன்று ஆண்டு அனுபவமோ பெரிய முதலீட்டில் உருவாகும் விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

எட்டு மாதங்களுக்கு முன்பே முன்பதிவு செய்து, வெளியான அன்றே கையில் வாங்கினேன். வட்டைக் கன்சோலில் (தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவியில்) போட்டதும் முதல் வேலையாக ஒரு பேட்சை, அதாவது பிழைகளைத் திருத்தும் கோப்பை, பதிவிறக்கச் சொன்னது. அதன் அளவு வட்டில் இருந்த விளையாட்டின் அளவுக்கு ஏறக்குறைய சமம். அன்று மாலை முழுவதும் அதற்கே போனது.

முதல் பத்து மணி நேரம் மனம் நிறைந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மழை பிடிப்பதற்கு முன் மலைச்சரிவில் ஒளி மாறும் விதம், ஊர்களில் கேட்கும் பேச்சு என ஒவ்வொன்றிலும் யாரோ சிலர் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தார்கள். குதிரை பாறைக்குள் புதைந்தது, சந்தைக்குள் நுழைந்தால் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. அவற்றைப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது ஒரு மரணக் காட்சி. தொடக்கம் முதல் கூடவே வரும் முதியவர் ஒருவர் கதையின் நடுவில் இறக்கிறார். கதாநாயகி அவர் தலையை மடியில் ஏந்தியிருக்க வேண்டும். என் திரையில் அவர் இரு கைகளையும் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டியபடி, தரைக்கு ஒரு முழம் மேலே நின்றிருந்தார். அவள் வெறும் மடியைத் தடவிக்கொண்டு அழுதாள். குரல் கொடுத்த நடிகை அந்த இடத்தில் உண்மையிலேயே உடைந்து பேசியிருந்தார். அதனால்தான் இன்னும் வலித்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, 31 மணி நேரம் ஆடியதைச் சேமித்து வைத்திருந்த என் சேவ் கோப்பு சேதமடைந்துவிட்டதாக ஒரு வரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

'இதை யாருமே சோதித்துப் பார்க்கவில்லையா?' என்றுதான் அன்று கோபப்பட்டேன். இந்த மூன்று ஆண்டுகளில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகு, அது தவறான கேள்வி என்று நினைக்கிறேன். பெரும்பாலான பிழைகளை யாரோ ஒரு சோதனையாளர் பார்த்து, படமெடுத்து, பதிவும் செய்திருப்பார். அதைச் சரிசெய்ய நாள் கிடைத்திருக்காது.

சைபர்பங்க் 2077 இதற்குத் தெளிவான சான்று. 2012-ல் அறிவிக்கப்பட்ட அந்த விளையாட்டு 2020 ஏப்ரலில் வருவதாக இருந்தது; பிறகு செப்டம்பர், நவம்பர் என்று தள்ளி, கடைசியில் டிசம்பர் 10-ல் வந்தது. பழைய தலைமுறைக் கன்சோல்களில் அது இருந்த நிலையைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்ததோ கணினிப் பதிப்பு மட்டும். 2021 ஜனவரியில் அதை உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்ச்சின் இவின்ஸ்கி மன்னிப்புக் கேட்டு வெளியிட்ட காணொளியில், மக்கள் சந்தித்த சிக்கல்களில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் தென்படவில்லை என்றார். சில நாட்களிலேயே அங்கு பணியாற்றிய பலர், பிழைகள் தங்களுக்குத் தெரிந்தே இருந்தன, சரிசெய்யத்தான் நேரமில்லை என்று ப்ளூம்பெர்க் செய்தியாளரிடம் சொன்னார்கள். 2015-ல் பேட்மேன்: ஆர்க்கம் நைட் கணினிப் பதிப்பு வெளியான சில நாட்களில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு அக்டோபரில் திரும்பி வந்தபோதும், நிலைமை மாதக்கணக்கில் உள்ளே தெரிந்திருந்தது என்றே செய்திகள் வந்தன.

தெரிந்தும் ஏன் விடுகிறார்கள்? பதிவாகும் பிழைகளை ஆட்டத்தையே நிறுத்துபவை, கண்ணை உறுத்துபவை, பொறுத்துக்கொள்ளக்கூடியவை என்று தரம் பிரிப்பார்கள். வெளியீட்டு நாள் நெருங்க நெருங்க அந்தக் கோடு மெல்ல நகரும். ஒரு பிழையைத் திருத்தப் போய் வேறு இரண்டு முளைக்கலாம் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். மூன்று மாதம் முன்பு 'கட்டாயம் திருத்த வேண்டும்' என்றிருந்தது 'பேட்சில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பட்டியலுக்குப் போய்விடும்.

வெளியீட்டு நாளை ஏன் தள்ள முடியாது என்பதற்குப் பணம்தான் பதில். 2023-ல் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்ட சோனியின் ஆவணங்களின்படி, தி லாஸ்ட் ஆஃப் அஸ் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். நூற்றுக்கணக்கானவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் போகிறது. விளம்பர இடங்கள் பல மாதம் முன்பே வாங்கப்பட்டுவிடுகின்றன. இந்த நிதியாண்டுக்குள் வந்துவிடும் என்று பங்குதாரர்களிடம் சொல்லியாகிவிட்டது. ஆண்டு இறுதி விடுமுறைக் கால விற்பனையையும் விட மனமிருக்காது. இத்தனைக்கும் எதிரில் நின்று 'இன்னும் ஆகவில்லை' என்று சொல்ல வேண்டியவர் யார்? பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும், அந்த இடத்திலேயே மிகக் குறைவாகச் சம்பளம் வாங்கும் சோதனையாளர். 2021 டிசம்பரில் ரேவன் சாஃப்ட்வேர் என்ற விளையாட்டு நிறுவனத்தில் சோதனையாளர்கள் சிலரின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டபோது, உடன் வேலை செய்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். அவர்கள் வாய்க்கு ஒரு பலம் வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

வெளியீட்டுக்கு முன் கன்சோல் நிறுவனங்கள் சோதித்துத் தரும் சான்றிதழ் நம்மைக் காக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்தச் சோதனை பெரும்பாலும் ஆட்டம் உறைந்துபோகிறதா, கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பு அறுந்தால் சரியாக நிற்கிறதா, சேமிப்பிடம் நிறைந்தால் எச்சரிக்கிறதா என்று பார்க்கும். கிழவர் மடியில் படுத்திருக்கிறாரா என்று பார்ப்பது அதன் வேலையில்லை. சான்றிதழ் பெற்று வட்டு அச்சுக்குப் போன பிறகும் சில வாரங்கள் இருக்கும். அந்த வாரங்களில் செய்யும் வேலைதான் முதல் நாள் பேட்சாக நம்மிடம் வருகிறது. ஆகவே வட்டில் இருப்பது ஒரு பழைய நிலை. நாளை பேட்சை அனுப்பும் சர்வர்கள் மூடப்பட்டால் வட்டை வைத்திருப்பவனுக்கு மிஞ்சுவது அந்த முடிக்கப்படாத பதிப்புதான். இதை யோசித்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

பிழை உண்மையிலேயே கண்ணில் படாமல் போகும் இடங்களும் உண்டு. ஒரே சேவில் முப்பது மணி நேரம் தொடர்ந்து ஆடினால்தான் வெளிப்படும் பிழையைப் பிடிக்க, அப்படி ஆடுவதற்கு ஆள் வேண்டும். ஆனால் உருவாக்கத்தின்போது அடிக்கடி புதிய பில்டு, அதாவது விளையாட்டின் புதிய பதிப்பு, வரும். பழைய சேவ்கள் பல நேரம் அதில் திறக்காது. சோதனையாளர் மீண்டும் தொடக்கத்திலிருந்தோ நடுவில் ஓர் இடத்திலிருந்தோ ஆட வேண்டும். சைபர்பங்க் கணினிப் பதிப்பில் சேவ் கோப்பு 8 எம்பியைத் தாண்டினால் கெட்டுப்போனது. நிறையப் பொருட்களைச் சேர்த்து நெடுநேரம் ஆடியவர்களே அதில் சிக்கினார்கள். பால்டர்ஸ் கேட் 3 இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 2020 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அதன் முதல் அங்கத்தை மக்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தினார்கள். 2023 ஆகஸ்டில் முழு விளையாட்டு வந்தபோது அந்த முதல் அங்கம் பளபளத்தது. மக்கள் தொட்டிராத மூன்றாம் அங்கத்தில்தான் பிழைகள் கூடுதலாக இருந்தன.

என் விளையாட்டுக்கு வருகிறேன். ஆறு வாரத்தில் வந்த பேட்ச் சேவ் கோப்புச் சிக்கலை நிறுத்தியது. சந்தையில் படம் சீராக ஓடப் பதினான்கு மாதம் ஆனது. இரண்டாம் ஆண்டின் முடிவில் வந்த பெரிய பேட்சுக்குப் பிறகு இது அருமையான விளையாட்டு. இன்று முதல்முறையாக வாங்குபவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முன்பதிவு மட்டும் நான் எதற்கும் செய்வதில்லை; குறைந்தது ஆறு மாதம் காத்திருக்கிறேன். பணத்தைத் திரும்பப் பெறும் விதியை நம்பியும் பயனில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தருகிறார்கள். முப்பதாவது மணியில் உடைவதற்கு அது உதவாது.

'இப்போதுதான் சரிசெய்துவிட்டார்களே' என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு ஆறுதல் வருவதில்லை. மூன்றாம் ஆண்டில் தொடக்கத்திலிருந்து ஆடி அந்த மரணக் காட்சிக்கு மீண்டும் வந்தேன். முதியவர் மடியில் சரியாகப் படுத்திருந்தார்; அவள் கை அவர் நெற்றியில் இருந்தது; அவர் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர் இறக்கப்போகிறார் என்று எனக்கு முன்பே தெரியும். அவள் அடுத்துச் சொல்லும் வாக்கியம்கூட மனப்பாடம். அந்த அதிர்ச்சியை அவர்கள் எனக்கென்று உருவாக்கி வைத்திருந்தும், அது எனக்குக் கிடைக்கவே இல்லை.

அந்தப் பழைய சேவ் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு பெரிய பேட்ச் வந்தபோதும் அதைத் திறந்து பார்த்தேன். போன மாதமும் பார்த்தேன். கோப்பு சேதமடைந்துள்ளது என்ற அதே வரிதான் வருகிறது.