கழற்றாத கியர்பாக்ஸுக்கு 860 பவுண்டு

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக இங்கிலாந்தில் இருப்பவர்கள், "பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது" (எஞ்சினின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) என்று எந்தப் பணிமனையாவது சொன்னால் தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் தலையாட்டிவிட்டேன்.

என் வண்டி 1992-ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். அதுவும் எம்எக்ஸ்-5தான். ஜப்பானில் அந்தப் பெயரில் விற்றார்கள். பின்னாளில் அவை ஆயிரக்கணக்கில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தன. 1.6 லிட்டர் எஞ்சின், எழும்பி விழும் முகப்பு விளக்குகள், இரண்டே இருக்கைகள். என் மனைவி அதை வண்டிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அக்டோபரில், கூரையை மூடி ஹீட்டரைப் போட ஆரம்பித்தபோதுதான் வாடை தெரிந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் அரை நிமிடத்தில் மூக்கை எட்டும். வண்டி ஓடத் தொடங்கினால் மறைந்துவிடும். முதலில் பக்கத்து மீன் வறுவல் கடை என்று நினைத்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் மீன் கடை இருக்காதே! இந்த வண்டியில் ஹீட்டருக்கான காற்று, முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் உள்ள துளைகள் வழியாக உள்ளே வருகிறது. வண்டி நின்றிருக்கும்போது எஞ்சின் அறையில் எது புகைந்தாலும் அது பானட்டின் பின்விளிம்பு வழியாக எழுந்து நேராக அங்கே நுழையும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்தால் இனிப்பு வாடை வரும். கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி. இதுவோ அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய்ச் சட்டியின் வாடை. ஆக எஞ்சின் ஆயில்தான் எங்கோ சூடான இரும்பில் விழுகிறது என்பது வரை நானே கண்டுபிடித்துவிட்டேன். அந்த இடத்தில் நின்று இன்னும் பத்து நிமிடம் யோசித்திருக்கலாம்.

போனது ஒரு தொழிற்பேட்டையில் உள்ள பணிமனைக்கு. பெயர் சொல்லப் போவதில்லை. காபி இயந்திரம், சுத்தமான தரை, இனிமையான பேச்சு. வண்டியைத் தூக்கி நிறுத்தி, என்னையும் அடியில் அழைத்துப் போய், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சொட்டு ஆயிலைக் காட்டினார் உரிமையாளர். "கிராங்க் ஷாஃப்டின், அதாவது எஞ்சினின் பிரதான தண்டின், பின்பக்க சீல் போய்விட்டது. கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். இறக்கியதும் கிளட்சையும் மாற்றிவிடுங்கள், கூலி மிச்சம்" என்றார். கடைசியாகச் சொன்னது தவறான ஆலோசனை இல்லை, நியாயமான மெக்கானிக்கும் அதையே சொல்வார். அதனால்தான் நம்பினேன். கண்ணால் பார்த்த சொட்டு ஆயிற்றே!

இரண்டு நாள் கழித்து 860 பவுண்டு பில். சீல், கிளட்ச் செட், ஒன்பது மணிநேரக் கூலி. பழைய கிளட்சைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பழைய இரும்புக்காரர் காலையிலேயே எடுத்துப் போய்விட்டாராம். எஞ்சினின் அடிப்பக்கம் மட்டும் கழுவித் துடைத்துக் கண்ணாடிபோல் இருந்தது. வாடையும் இல்லை. இரண்டு வாரம் நிம்மதியாக ஓட்டினேன்.

மூன்றாவது வாரம் அதே சிக்னல், அதே எண்ணெய்ச் சட்டி.

திரும்பப் போனேன். "இது வேறு கசிவு, முன்பு இருந்திருக்காது. பார்ப்பதற்கு இன்னும் 240 ஆகும்" என்றார்கள். இனிமை சற்றுக் குறைந்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய அண்ணா ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இளமைக் காலம் முழுக்க மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வாடகைக் கார்களைப் பழுதுபார்த்தவர். உதிரிப் பாகம் கிடைக்காத காலத்தில் வண்டி ஓட வைத்த கைகள். என் காரைக் கண்டால் சிரிப்பார். ஆனால் வாடையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியைத் தூக்கச் சொல்லவே இல்லை. பானட்டைத் திறந்து, ஒரு டார்ச்சும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கம்பிக் கண்ணாடியும் கொண்டுவரச் சொன்னார்.

"எண்ணெய் மேலே ஏறாது, தம்பி. சொட்டுகிற இடத்தைப் பார்க்க வேண்டாம். நனைந்திருக்கிற இடங்களிலேயே எது உயரமோ அதைப் பாரும்."

உயரத்தில் இரண்டு இடங்கள் நனைந்திருந்தன. முதலாவது, எஞ்சின் ஹெட்டின் (எஞ்சினின் மேல் பகுதி) பின்முனையில், இக்னிஷன் காயிலுக்குக் கீழே ஒளிந்திருக்கும் கேம் ஆங்கிள் சென்சார், அதாவது எஞ்சினின் சுழற்சி நிலையைக் கண்டறியும் உணரி. அதைச் சுற்றி ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து அது பிளாஸ்டிக் போல இறுகிவிடும். ஆயில் மெல்லக் கசிந்து எஞ்சினின் முதுகு வழியாக வழிந்து, கியர்பாக்ஸின் முகப்பில் இறங்கி, அடியில் வந்து தொங்கும். சரியாக எந்த இடத்தில்? பின்பக்க சீல் போனால் எங்கே தொங்குமோ அதே இடத்தில். இந்த வண்டிகளை அறிந்தவர்களுக்கு இது பழங்கதை. விலை சில பவுண்டு. கழற்ற வேண்டியது பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்பானருக்கு ஒரே ஒரு போல்ட். இரண்டாவது, வால்வு கவர் கேஸ்கெட்டின் (ஹெட்டின் மேல்மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் பட்டை) பின்மூலை. அங்கிருந்து கசிந்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சின் புகையை வெளியேற்றும் சூடான குழாயில்) விழுந்து புகைந்துகொண்டிருந்தது. சொட்டு ஓரிடத்தில், வாடை ஓரிடத்தில். இரண்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தவறான கணிப்பு என்று இத்துடன் விட்டிருப்பேன். மனிதர்கள் தவறு செய்வார்கள். ஆனால் அண்ணா விடவில்லை. "சரி, கியர்பாக்ஸை இறக்கினார்கள் என்கிறீரே, அடியையும் பார்த்துவிடுவோம்" என்றார். வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தினோம். (வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள்.)

இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரன்ஷியலையும் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதை விடுவிக்காமல் கியர்பாக்ஸ் கீழே வராது. விசையைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் எடுக்க வேண்டும். அது டிஃபரன்ஷியலில் நான்கு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. போன வசந்தத்தில் துருப்பிடிக்காமல் இருக்க அந்தப் பகுதி முழுவதும் நானே மெழுகு அடித்திருந்தேன். கழுவியது முன்பக்கம் மட்டும். பின்னால் என் மெழுகு அப்படியே இருந்தது. சட்டத்தின் போல்ட்டுகள்மேல், ஷாஃப்டின் நான்கு போல்ட்டுகள்மேல், ஒரு கீறல் இல்லாமல். ஸ்பானர் பட்டிருந்தால் மெழுகு உடைந்திருக்கும். யாரும் எதையும் கழற்றவில்லை. கிளட்சும் மாறவில்லை, சீலும் மாறவில்லை. அடியைக் கழுவியதற்குத்தான் நான் 860 பவுண்டு கொடுத்திருக்கிறேன்.

எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் நாணயம் ஒன்றை அருகே வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பழுதுபார்த்துவிட்டுப் படம் எடுத்தால் அது எதற்கும் உதவாது.

கடன் அட்டையில் பணம் கட்டியிருந்தது என் அதிர்ஷ்டம். இங்கே 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ அட்டையில் கட்டியிருந்தால், ஒப்பந்தம் மீறப்படும்போது அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. முதலில் பணிமனைக்குக் கடிதம் எழுதினேன், படங்களுடன், பதினான்கு நாள் கெடு வைத்து. பதில் இல்லை. அதே கோப்பை வங்கிக்கு அனுப்பினேன். ஏழு வாரம் ஆயிற்று. முழுத் தொகையும் வந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு அலைந்திருப்பேன். ரொக்கம் கொடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று அந்த உரிமையாளர் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது.

பழுதை அண்ணாவும் நானும் ஒரு சனிக்கிழமை காலையில் முடித்தோம். நீங்களே செய்வதாக இருந்தால் ஒன்று: சென்சாரைக் கழற்றுவதற்கு முன் அதன் நிலையைக் கோடு கிழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், அமைகிறது. கோடு இருந்தாலும் பிறகு டைமிங் விளக்கில் 10 டிகிரி இருக்கிறதா என்று சரிபார்ப்பது நல்லது. கேஸ்கெட்டின் மூலைகளில் கொஞ்சம் சீலன்ட் தேவை; அதை விட்டால் அதே மூலையில் மறுபடியும் கசியும். பிசிவி வால்வையும் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் சிறு வால்வு) பிடுங்கிக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வர வேண்டும். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, புதிய ரப்பரையும் ஆயில் தாண்டி வரும். கழற்றிய ஓ-ரிங்கை அண்ணா விரலால் மடக்கினார், இரண்டாக முறிந்தது.

போன வாரம் அந்தத் தொழிற்பேட்டை வழியாகப் போனேன். பணிமனை வாசலில் ஒரு சிவப்பு எம்எக்ஸ்-5, முகப்பு விளக்குகள் மேலே எழும்பியபடி நின்றது. சுற்றிலும் யாரும் இல்லை. பில்லின் பின்பக்கத்தைக் கிழித்து, "முதலில் ஹெட்டின் பின்னால் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதி வைப்பருக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன்.