ஊர்ச் சாலையில் சொந்தமாக ஓட்ட: வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

சென்னையில் ஏறினால் திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி வரை நான்குவழிச் சாலைதான். ரோடு இன்று பெரிய கவலை இல்லை. நேரத்தைத் தின்பது வேறு மூன்று: லைசென்ஸ் காகிதம், வண்டியின் நம்பர் பிளேட், ஓடிபி வந்து சேரும் மொபைல் எண். கனடா, சிங்கப்பூர், லண்டன் என்று பிரிந்திருக்கும் நண்பர்கள் ஊர் போய்வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம்.

இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டை ஊரில் வந்து வாங்க முடியாது. லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே வாங்க வேண்டும், செல்லுபடி ஓராண்டு. இந்தியாவுக்கு 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை வகைதான் வேண்டும். பிரிட்டனில் இரண்டு மூன்று வகை கொடுப்பதால் கேட்டு வாங்குங்கள். பர்மிட் என்பது மொழிபெயர்ப்பு போன்றது, தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

வாடகை வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிளேட்டின் நிறம். கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக்கு அனுமதி பெற்றது. மஞ்சளில் கறுப்பு எழுத்து டாக்ஸி. வெள்ளை பிளேட் சொந்த உபயோகத்துக்கு மட்டும். தெரிந்தவர் மூலம் வெள்ளை போர்டு வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் விபத்து நடந்தால் ‘வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்’ என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். மிச்சப்படும் சில ஆயிரத்துக்காக அந்த வம்பில் மாட்ட வேண்டாம். கேரளா, கர்நாடகா பக்கம் போவதாக இருந்தால் அந்த மாநில பர்மிட், வரி யார் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள்.

டோலில் தானாகவே பணம் கழிக்கும் ஃபாஸ்டேக் ஒட்டி வண்டிக்காரர் பெயரில் இருக்கும். டோலில் கழியும் பணத்தின் எஸ்எம்எஸ் அவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியாது. வண்டி எடுக்கும்போதே பேலன்ஸைக் காட்டச் சொல்லுங்கள், திருப்பும்போது ஸ்டேட்மென்ட் கேளுங்கள். டேக் பிளாக்லிஸ்ட்டில் இருந்தால், 2025 நவம்பர் விதிப்படி டோலில் ரொக்கமாகக் கட்டுவது இரு மடங்கு. போனிலேயே பணம் அனுப்பும் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. அதனால் யுபிஐ வேண்டும். என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் சிலவற்றின் எண்ணிலேயே யுபிஐ தொடங்கலாம். வங்கியில் அந்த எண் பதிவாகியிருக்க வேண்டும். இதை விமானம் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் வண்டிக்கு ஆன்லைனில் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர் மின்னஞ்சல் முகவரியை வைத்தே பதியலாம். சிக்கல் எங்கே என்றால், படிவத்தில் வண்டி எண் கேட்கும். வாடகை நிறுவனம் எந்த வண்டி என்பதைக் கடைசி நேரத்தில்தான் சொல்லும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் உண்டு. மலைக்குப் போகும் தேதியைச் சொல்லி, எண்ணை முன்கூட்டியே உறுதிசெய்து வாங்குங்கள். பாஸ் இல்லாமல் கல்லாறு சோதனைச் சாவடிக்கு வந்து, பின்னால் வரிசை நீள நிற்கும்போது போனில் நிரப்புவது பெரிய அவஸ்தை. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிடுங்கள், மேலே தடை.

மலையில் மேப்பை அப்படியே நம்பாதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அது கல்லட்டி வழியைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், இறக்கம் மிகச் செங்குத்து. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடமாட்டார்கள். கூடலூர் சுற்றிப் போவது இரண்டு மடங்குக்கு மேல் தூரம் என்பதால் நேரத்தை அப்படியே கணக்கில் வையுங்கள். முதுமலை தாண்டி பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். சத்தியமங்கலம் காட்டிலுள்ள பண்ணாரி–திம்பம் சாலையிலும் இரவுத் தடை உண்டு. ஏறும்போது போட்ட அதே கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி, ஆறவிட்டு எடுங்கள். ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர்கள்தான் இதை மறக்கிறார்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும்.

சமவெளியில் முதல் நாள் கவனிக்க வேண்டியது ஹெட்லைட். லண்டனில் எதிரே வருபவர் லைட்டை அடித்தால் ‘நீங்கள் போங்கள்’ என்கிறார். இங்கே லைட் அடித்தால் ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நில்’. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு குறுக்கே நுழைந்தால் நேருக்கு நேர்தான். சாலை நடுத் தடுப்பில் திரும்பும் இடைவெளி தூரத்தில் இருப்பதால் பைக்குகள் எதிர்த்திசையிலேயே ஓரமாக வரும், இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். இருட்டிய பிறகு ஓட்டுவதை நாங்கள் யாருமே பரிந்துரைக்க மாட்டோம். பழுதான லாரி விளக்கில்லாமல் நின்றிருக்கும்; பின்னால் எச்சரிக்கையாக நாலு கல், ஒரு மரக்கிளை, அவ்வளவுதான். நூறில் வருகிறவருக்கு அது தெரியும்போது பிரேக் போட இடம் இருக்காது.

டிரைவரோடு வண்டி எடுப்பதாக இருந்தால் கணக்கு வேறு. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டருக்கு வாடகை, அதுபோக டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மலை ஏறினால் தனி. பெரும்பாலும் நாள் என்பது நள்ளிரவு 12 முதல் 12. இரவு 10 மணிக்குப் புறப்பட்டால் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு நாள். சென்னை–மதுரை போய்வர சுமார் 920 கிலோமீட்டர். ஐந்து நாள் வைத்திருந்தால் நாளுக்கு 250 வீதம் 1,250 கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும். உறவினர் வீட்டில் மூன்று நாள் தங்குவதென்றால் வண்டியை அனுப்பிவிட்டு, திரும்புவதற்கு வேறு பிடிப்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று விடுதியில் கேளுங்கள். சீட்டைச் சாய்த்துக் கண்ணயர்ந்தவரை மறுநாள் எட்டு மணி நேரம் ஓட்டச் சொல்வது தவறு, ஆபத்தும்கூட.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், வெளிநாட்டவருக்கும் பொருந்தும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குத்தான் அது, வண்டியில் ஏற்றும்போதே 108 ஊழியரிடம் கேளுங்கள்.