1,200 ரூபாய்க்கு ஒரு முகமூடி ராத்திரி: அழகர்கோவில் சாலை ஹாலோவீன் நாடகம்

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 1,200 ரூபாய், முகமூடியும் ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தும் அதில் அடக்கம், சாப்பாடு தனி. இந்தக் காசுக்கு மதுரையில் குடும்பத்தோடு படமும் பார்த்துவிட்டுப் பரோட்டாவும் சாப்பிடலாமே என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. நாடகப் பித்து கொஞ்சமாவது இருந்தால் போகலாம், ஆனால் குறைகளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அக்டோபர் 31-ஐ ஒட்டி அழகர்கோவில் சாலையில், தோப்புக்குள் இருக்கும் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். மேடை கிடையாது, நாற்காலியும் கிடையாது. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பெண் காணாமல் போன ஜமீன் வீடு என்பது கதை. ஒவ்வொரு அறையிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு காட்சி நடந்துகொண்டிருக்கும், நாம் இஷ்டத்துக்குச் சுற்றி யார் பின்னால் வேண்டுமானாலும் போகலாம். செல்போனை வாசலிலேயே துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். முகமூடி போடவேண்டியது நாம்தான், நடிகர்கள் வெறும் முகத்தோடு வருகிறார்கள்.

இந்த ஏற்பாடு புதிதில்லை. லண்டனின் பஞ்ச்ட்ரங்க் குழு மேக்பெத் கதையை வைத்து 2011-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஸ்லீப் நோ மோர்' நாடகத்தில், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளை முகமூடி கொடுத்து, வாய் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். 2025 ஜனவரி வரை அது ஓடியது. பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது, நம்மையும் யாருக்கும் தெரியாது என்று ஆகிவிட்டால் அடுத்தவர் வீட்டு பீரோவைத் திறந்து பார்க்கும் தைரியம் தானாக வந்துவிடுகிறது. இங்கேயும் அது நன்றாகவே வேலை செய்தது. கணக்குப்பிள்ளை அறையில் ஒரு அம்மா அந்தப் பழைய பேரேட்டைக் கையில் எடுத்தவர் கடைசிப் பக்கம் வரை விடவில்லை, ஆடிட்டராக இருப்பார் போல.

எனக்குப் பிடித்தது சமையல்கட்டு. கூட்டமெல்லாம் மாடியில் சங்கிலிச் சத்தம் கேட்டு ஓடிவிட, கீழே ஒரு நடிகை தரையில் உட்கார்ந்து நிஜமாகவே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கல்யாணச் சமையலுக்கு வந்த பெண். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்ததும் ஒரு துண்டு வெல்லத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "பொண்ணு ஓடல தம்பி, நான்தான் கதவத் தொறந்து விட்டேன்" என்றார். அவ்வளவுதான், மறுபடி தேங்காய். சத்தமே போடவில்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நடித்துப் பழகிய ஸ்பெஷல் நாடகக் குரல் அது என்று அடித்துச் சொல்வேன். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே இல்லாமல் வெவ்வேறு ஊரிலிருந்து வந்து ஒரே ராத்திரியில் சேர்ந்து நடிக்கிறவர்களுக்கு, எதிரில் இருப்பவர் என்ன செய்தாலும் சமாளிக்கத் தெரியும். இந்த மாதிரி நாடகத்துக்கு அதுதானே வேண்டும்.

மாடியில்தான் சொதப்பல். கறுப்பு அங்கி கன்னியாஸ்திரி, பல் நீட்டிய ரத்தக்காட்டேரி, பொருட்காட்சி பேய் வீட்டில் வருகிற அதே ஆட்கள். ஜமீன் கதைக்குள் இவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டால் ஹாலோவீன் என்பார்கள். அழகர்கோவில் காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண இன்னும் ஆள் பயப்படுகிற சாலையில், பயத்தை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வானேன்? அதோடு டார்ச் அடித்துக்கொண்டு, "மூவ் பண்ணுங்க சார், அடுத்த பேட்ச் வருது" என்று விரட்டும் பையன்கள் வேறு. பின்தொடரச் சொல்லிவிட்டு வரிசையில் நகர்த்தினால் அப்புறம் நமக்கு எதற்கு முகமூடி?

அந்த முகமூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக், காதுக்குப் பின்னால் அறுக்கும் எலாஸ்டிக், உள்ளே வேர்வை. கண்ணாடி போட்டவர்கள் பாடு பெரும்பாடு. வெனிஸ் கார்னிவலில் போடும் பவுட்டா என்ற முகமூடிக்குக் கீழ்ப்பகுதி முன்னால் தள்ளி நிற்கும், கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம். இதில் சர்பத்துக்கு ஸ்ட்ரா கேட்க வேண்டியிருந்தது. சித்திரைத் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி எடுத்து ஆடுகிறவர்களுக்கும் உடுப்புத் தைத்த, மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் சொல்லியிருந்தால் துணியிலேயே அழகாகத் தைத்துக் கொடுத்திருப்பார், வேஷம் கட்டிய மாதிரியும் இருந்திருக்கும்.

முடிவில் டி.ஜே. எல்லாரையும் முற்றத்துக்கு வரவழைத்து, முகமூடியைக் கழற்றச் சொல்லி, குத்துப்பாட்டு. ஓடிப்போன பெண் என்ன ஆனாள் என்பதற்கு ஒரு வசனம்கூட இல்லை. சமையல்கட்டுப் பக்கம் போகாதவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது யாரென்றே கடைசிவரை தெரியாது. அறைக்கு அறை வேறு கதை கிடைப்பது இந்த வகை நாடகத்தின் அழகுதான், ஆனால் கோர்த்துப் பார்க்கப் பத்து நிமிஷமாவது சும்மா விட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் நடந்தால் முதல் காட்சிக்கே டிக்கெட் போடுங்கள், கடைசிக் காட்சியில் ஆட்களைத் திணிக்கிறார்கள். ஐப்பசி மழையில் தோப்பு முழுக்கச் சேறு, காரைச் சாலையிலேயே நிறுத்திவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்று போர்டு வைத்துவிட்டுக் கைக்குழந்தையைக்கூட உள்ளே விட்டார்கள், நீங்களாவது கூட்டிப்போகாதீர்கள். உள்ளே போனதும் மாடிப்படி ஏறாமல் நேராகப் பின்கட்டுக்குப் போங்கள்.