காட்பாடி ரோட்டுல ஆர்எக்ஸ் 100 டேங்குக்கு பெயிண்ட் அடிச்ச பட்டறை

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கி இன்ஜின் வேலைய வீட்லயே நானே பாத்துக்கிட்டேன், பெயிண்ட்டுக்கு மட்டும் காட்பாடி ரோட்டுல ஒரு சின்ன பட்டறைல குடுத்தேன், சும்மா சொல்லக்கூடாதுங்க, அவ்ளோ சுத்தமான வேலை. டேங்க தொறந்து பாத்ததுமே பெயின்டர் அண்ணன் "உள்ள துரு கீதுபா, மொத அத எடுத்துட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அதான் சரி, துருத்தூள் கார்ப்புரேட்டர் ஜெட்ட (இன்ஜினுக்கு பெட்ரோல் போற சின்ன ஓட்டைய) அடைச்சிட்டா வெளிய எவ்ளோ பளபளன்னு இருந்தும் வண்டி நின்னு நின்னுதான் ஓடும். அப்புறம் பழைய பெயிண்ட மொத்தமா சுரண்டி, பட்டி போட்டு, வாட்டர் பேப்பர் தேச்சு, பிரைமர், கலர், மேல கலரக் காப்பாத்துற கிளியர் கோட்டு (நிறமில்லாத பூச்சு). நம்ம வேலூர் வெயிலுக்கு செவப்பு சீக்கிரம் வெளுத்துடும், அதனால கிளியர் கோட்டுல காசு மிச்சம் பண்ணாதீங்க. ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி, சொன்ன தேதிக்கும் வராது. வேற கலர் அடிக்கிறவங்க ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சிலயும் மாத்திடுங்க.