பேஸ்மேக்கர் கம்பிக்கு எந்த வழி: அக்குள் சிரையா, காறையடிச் சிரையா?

பேஸ்மேக்கர் கம்பியை இதயத்துக்குள் செலுத்துவதற்காக ஊசியால் துளைக்கப்படும் இவ்விரு சிரைகளும் உண்மையில் ஒரே குழாயின் அடுத்தடுத்த பகுதிகளே. தோளின் பின்புறத் தசையான டெரஸ் மேஜரின் கீழ் விளிம்பில் தொடங்கும் அக்குள் சிரை, முதல் விலா எலும்பின் வெளி விளிம்பை எட்டியதும் காறையடிச் சிரை என்று பெயர் மாறுகிறது. மருத்துவருக்கு அந்த எல்லை வெறும் பெயர் மாற்றம் அன்று.

காறையடிச் சிரை பருமனானது. சுற்றியுள்ள திசுக்களோடு பிணைந்திருப்பதால் எளிதில் சுருங்காது. எலும்பு அடையாளங்களைக் கொண்டே துளைக்கவும் முடியும். ஆனால் நுரையீரலின் உச்சி அருகிலேயே இருப்பதால் ஊசி தவறிப் பட்டால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும் அபாயம் உண்டு. அதோடு, காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையே சிக்கும் கம்பி, கை அசையும்போதெல்லாம் நசுங்கி, ஆண்டுகள் கழித்து முறியவும் கூடும்.

அக்குள் சிரையோ நெஞ்சுக்கூட்டுக்கு வெளியே துளைக்கப்படுகிறது. எலும்பு மறைக்காததால் அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும். தவறித் தமனியைக் குத்திவிட்டாலும் வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை நிறுத்துவது எளிது. உடல் பருமனானவர்களிடம் அது ஆழத்தில் கிடப்பதும், நீரிழப்பில் (நெடுநேரம் பட்டினியிருந்த நோயாளியிடம் இது வியப்பன்று) சுருங்கிவிடுவதும் குறைகள்தாம். பின்னதைத் திரவம் ஏற்றிச் சரிசெய்யலாம். அல்ட்ராசவுண்டும் அதில் பழகிய கையும் இருக்குமிடத்தில் அக்குள் சிரையை முதலில் நாடுவதே சரி என்பேன்.